மதிப்பெண்ணுக்கும் வயதாகிறது

கோலாலம்பூரின் செந்தூலில் அடுக்குமாடி வீடொன்றில் இருக்கும் என் மாமாவின் ஷோகேசில், பீங்கான் கோப்பைகளுக்கும் பேரன் ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய வெற்றிக் கிண்ணத்துக்கும் நடுவே, இரண்டு சிவப்பு ஒயின் பாட்டில்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்றுகொண்டிருந்தன. பிரான்சின் போர்தோ வட்டாரத்து ஒயின், 2000ஆம் ஆண்டு அறுவடை. பணி ஓய்வின்போது முதலாளி கொடுத்த பரிசு. அந்த ஒயினுக்கு ஒரு விமர்சகர் நூற்றுக்கு 94 கொடுத்திருந்தார் என்ற செய்தித்தாள் துணுக்கையும் மாமா கத்தரித்து பாட்டிலுக்கு அடியில் மடித்து வைத்திருந்தார். "வைக்க வைக்கத்தான் இதற்கு மதிப்பு, மாப்பிள்ளை" என்பார்.

போன தீபாவளிக்கு ஒன்றைத் திறந்தோம். தக்கை பாதியில் உதிர்ந்தது. கோப்பையில் விழுந்த திரவம் பழம்புளியைக் கரைத்த நிறத்தில் இருந்தது. உலர்ந்த பழத்தைச் சீனி போட்டு அடிப்பிடிக்கக் காய்ச்சியது போல ஒரு வாடை. அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "ரசம் வைக்கக்கூட ஆகாது" என்று எழுந்து போய்விட்டார்.

அப்படியானால் அந்த 94 பொய்யா? இல்லை. ஆனால் அது கைக்குழந்தையைப் பார்த்துச் சொன்ன ஜாதகம்.

போர்தோவில் இலையுதிர் காலத்தில் திராட்சை பறித்தால், அடுத்த வசந்தத்திலேயே விமர்சகர்கள் வந்து சுவைத்துவிடுகிறார்கள். அப்போது ஒயினுக்கு வயது ஏறக்குறைய ஆறு மாதம். பாட்டிலில்கூட அடைக்கப்படாமல் ஓக் மரப் பீப்பாயில் கிடக்கும். அதனால்தான் பலர் அந்த நிலையில் ஒற்றை எண் தராமல் '92 முதல் 94 வரை' என்பதுபோல ஒரு வரம்பைத் தருகிறார்கள். பாட்டிலில் அடைத்த பிறகு மறுபடியும் ஒரு சுவைப்பு. பத்து, இருபது ஆண்டு கழித்து மற்றொன்று. ஒவ்வொரு முறையும் கோப்பையில் இருப்பது வேதியியல்படி வேறொரு பொருள். நாம் நினைவில் வைத்துக்கொள்வதோ முதல் எண்ணை.

இளம் ஒயினில் விமர்சகரை முதலில் எதிர்கொள்வது துவர்ப்பு. இதைத் தமிழருக்கு விளக்குவது எளிது. அறுசுவையில் ஒன்றாக அதற்கு இடம் கொடுத்தவர்கள் நாம். பாக்கு மென்ற வாய்க்கும், சீனி போடாத கடுந்தேநீரைக் குடித்த வாய்க்கும் அது தெரியும். ஆய்வாளர்களில் பெரும்பாலோர் அதைச் சுவை என்பதைவிடத் தொடு உணர்வு என்றே கருதுகிறார்கள். திராட்சையின் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின் என்ற பொருள், எச்சிலில் உள்ள புரதங்களைப் பற்றிக்கொள்கிறது. எச்சில் வழவழப்பை இழக்கிறது. நாக்கும் கன்னமும் உரசிக்கொள்கின்றன. நல்ல போர்தோ ஒயின் சிறுவயதில் வாயை இறுக்கிப் பிடிக்கும். அந்த இறுக்கத்துக்குப் பின்னால் போதிய பழச்சாரம் இருக்கிறதா என்று ஊகிப்பதுதான் விமர்சகரின் வேலை.

பாட்டிலுக்குள் நடப்பது என்ன? கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்த விளக்கம் சுருக்கமானது: டானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துப் பெரிதாகி, கனம் தாங்காமல் வண்டலாக அடியில் படிகின்றன, ஒயின் மென்மையாகிறது. இன்றைய விளக்கம் இன்னும் சிக்கலானது. ஒயினின் அமிலத்தில் அந்தச் சங்கிலிகள் நீள்வது போலவே அறுந்தும் போகின்றன. திராட்சைத் தோலின் நிறமியான ஆந்தோசயனினோடு கலந்து மறுபடி இணைகின்றன. இப்படி உருமாறிய டானினுக்கு எச்சில் புரதத்தைப் பிடிக்கும் வேகம் குறைவு. நிறமும் கூடவே மாறுகிறது. ஊதா கலந்த சிவப்பு, மாணிக்கச் சிவப்பாகி, பிறகு செங்கல் நிறத்துக்கு வருகிறது. இதற்கெல்லாம் மிகச் சிறிதளவு ஆக்ஸிஜனும் உதவுகிறது. காற்றுப் புகாமல் மூடிய ஒயின் அதிகம் மாறுவதில்லை, காற்றுப் பட்டது மாறுகிறது என்று லூயி பாஸ்டர் 1860களிலேயே கண்ணாடிக் குழாய்களில் காட்டியிருக்கிறார்.

மணத்தின் கதை வேறு. இளம் ஒயினின் பழ வாசனையில் ஒரு பகுதி எஸ்டர்கள் என்ற வேதிப்பொருள்களால் வருவது. அவை நீரோடு வினைபுரிந்து அமிலமாகவும் ஆல்கஹாலாகவும் மெல்ல உடைகின்றன. பழ வாசனை இறங்குகிறது. அதே நேரத்தில் வேறு மணங்கள் தலையெடுக்கின்றன. உதாரணமாக டைமீதைல் சல்பைடு என்ற கந்தகச் சேர்மம். இரவுச் சந்தையில் சோளம் வேகும் அண்டாவைத் திறந்தால் குப்பென்று வரும் வாசனையில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. பழைய சிவப்பு ஒயினில் இது துளியினும் துளியாகச் சேரும்போது, நிலத்தடிக் காளான் போன்ற மணம் என்று விமர்சகர்கள் உருகுகிறார்கள். அளவு கூடிவிட்டால் சோளம் சோளமாகவே மணக்கும். தோல், புகையிலை, ஈர மண் என்று அவர்கள் எழுதும் சொற்களைக் கண்டு நான் முன்பு சிரித்ததுண்டு. இப்போது பாதிதான் சிரிக்கிறேன்.

ஆக, பழம் இறங்குகிறது, துவர்ப்பு தணிகிறது, முதிர்ந்த மணம் ஏறுகிறது. மூன்றும் சந்திக்கும் சில ஆண்டுகள்தான் அந்த ஒயினின் பொற்காலம். சந்திக்காமலே போவதும் உண்டு. 1975ஆம் ஆண்டு போர்தோ ஒயின்கள் பலவற்றில் துவர்ப்பு தணியக் காத்திருந்தார்கள். அது தணிவதற்குள் பழம் வற்றிவிட்டது. 1982இல் நேர்மாறு. பழம் அளவுக்கு மீறிக் கனிந்திருக்கிறது, இந்த ஒயின் நீடிக்காது என்று சிலர் எழுதினார்கள். அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் அதைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார். அந்த ஆண்டின் சிறந்த ஒயின்கள் பல பத்தாண்டுகள் நிலைத்தன. பார்க்கரின் பெயரும் அவற்றோடு உயர்ந்தது.

ஒரே ஒயின்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த சோதனைகளில் எனக்குப் பிடித்தது பாரிஸில் தொடங்கியது. 1976 மே 24 அன்று, ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வணிகர், பெயரை மறைத்து ஊற்றிய பத்துச் சிவப்பு ஒயின்களைப் பிரெஞ்சு நடுவர்களிடம் கொடுத்தார். நான்கு போர்தோ, ஆறு கலிபோர்னியா. முதலிடம் கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் ஒயினுக்கு, 1973ஆம் ஆண்டு அறுவடைக்கு, போனது. பிரெஞ்சுத் தரப்பு விடவில்லை: எங்கள் ஒயின் மெதுவாக முதிர்வது, பொறுத்திருந்து பாருங்கள் என்றது. நியாயமான வாதம்தான்.

பொறுத்திருந்தார்கள். 1986இல் இரண்டு மறுசுவைப்புகள் நடந்தன. ஒன்றில், முன்பு எட்டாவதாக வந்த க்ளோ டு வால் 1972 முதலிடம் பிடித்தது. மற்றொன்றில், முன்பு ஏழாவதாக வந்த ஹைட்ஸ் 1970. முப்பது ஆண்டு நிறைவில், 2006இல், லண்டனிலும் கலிபோர்னியாவின் நாப்பாவிலும் ஒரே நாளில் சுவைத்தபோது, முன்பு ஐந்தாவதாக இருந்த ரிட்ஜ் மான்டே பெல்லோ 1971 முன்னால் வந்து நின்றது. நான்கு சுவைப்பு, நான்கு வெற்றியாளர்கள், நான்கும் கலிபோர்னியா.

இதையெல்லாம் வயதின் கணக்கில் மட்டும் எழுதிவிடக் கூடாது. நடுவர்கள் வேறு, பாட்டில்களும் வேறு. நாக்கும் நம்பத்தகுந்த கருவி அல்ல. கலிபோர்னியா மாநிலக் கண்காட்சியின் ஒயின் போட்டியில், ராபர்ட் ஹாட்சன் என்ற ஆய்வாளர் ஒரே பாட்டில் ஒயினை, சொல்லாமல், மூன்று முறை ஊற்றி வைத்தார். மூன்று முறையும் ஏறத்தாழ ஒரே தரத்தைக் கொடுத்தவர்கள் நடுவர்களில் சுமார் பத்தில் ஒருவரே என்று 2008இல் அவர் வெளியிட்ட கட்டுரை சொன்னது. சில நிமிட இடைவெளியிலேயே இப்படி என்றால், இருபது ஆண்டு இடைவெளியில் 94 என்பது 91 ஆனதற்கு எது காரணம் என்று பிரிப்பது கடினம். ஒயினின் முதுமையாக இருக்கலாம், நாக்கின் அன்றைய மனநிலையாக இருக்கலாம், விமர்சகரின் மூக்குக்கே வயதாகியிருக்கலாம். ரசனையும் மாறுகிறது, ஒரு காலத்தில் கெட்டியான, ஓக் மணம் தூக்கலான ஒயினுக்குக் குவிந்த பாராட்டு இன்று இலேசானவற்றின் பக்கம் சாய்கிறது.

இனி மாமாவின் பாட்டில். ஐரோப்பிய நிலவறையின் வெப்பம் ஏறக்குறைய 13 பாகை. கோலாலம்பூர் வரவேற்பறையில் சராசரியாக 30 என்று வையுங்கள். பிற்பகல் வெயில் ஷோகேஸ் கண்ணாடியில் விழுவது தனி. பத்துப் பாகை ஏறினால் வேதிவினை இரண்டு மடங்கு வேகமாகும் என்ற பொதுக்கணக்கைப் போட்டால், இங்கே இருபது ஆண்டு அங்கே அறுபதுக்கும் மேல். அதோடு முடியவில்லை. எல்லா வினைகளும் ஒரே அளவில் வேகமெடுப்பதில்லை. குளிரில் தூங்கிக் கிடந்திருக்க வேண்டிய சில வினைகள் சூட்டில் முந்திக்கொள்கின்றன. அதனால் அந்த ஒயின் வெறுமனே சீக்கிரமாகக் கிழமாகிவிடவில்லை. நிலவறைப் பாட்டில் ஒருநாளும் போகாத வழியில் போயிருக்கிறது. நிற்க வைத்ததில் தக்கையும் காய்ந்து சுருங்கி, காற்றுக்கு வழி விட்டிருக்கிறது.

இதை மாமாவிடம் விளக்கியபோது பொறுமையாகக் கேட்டார். துணுக்கை எடுத்து ஒருமுறை படித்தார். இரண்டாவது பாட்டில் இப்போது குளிர்பெட்டியின் அடித்தட்டில், கங்கோங் கீரைக்கட்டின் கீழே படுத்திருக்கிறது. கீரைக்கு இடம் போதவில்லை என்று அத்தை தினமும் சொல்கிறாராம்.