நூறு சதவீதத்திலேயே வைத்திருந்த பேட்டரி

இராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் நான் பயன்படுத்தும் மடிக்கணினி, வாங்கிய புதிதில், மின்வெட்டு வந்தாலும் நான்கு மணி நேரம் தாக்குப்பிடித்தது. நான்காம் ஆண்டில் அது ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கியது. அதிலும், திரையின் மூலையில் 28 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துபோகத் தொடங்கியது. பழுதுபார்ப்பவரிடம் காட்டியபோது, "உப்புக் காத்து சார், இந்தத் தீவுல இரும்பே நிக்காது, பேட்டரி எப்படி நிக்கும்?" என்றார். பாம்பன் பாலத்தின் இரும்பைத் துரு தின்பதையும், அதைத் தடுக்க ஆட்கள் ஓயாமல் வண்ணம் பூசுவதையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த விளக்கம் உடனே பிடிபட்டுவிடும். ஆயினும் பேட்டரியைப் பொறுத்தவரை உப்பின் பங்கு சிறியது. வெப்பமும், மின்வெட்டுக்குப் பயந்து கணினியை எந்நேரமும் முழுச் சார்ஜில் வைத்திருந்த என் வழக்கமும் சேர்ந்துதான் அதைக் கெடுத்திருந்தன.

இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் பவர்சிஎஃப்ஜி என்று தட்டி, ஓர் இடம் விட்டு, சாய்கோடும் அதையொட்டிப் பேட்டரிரிப்போர்ட் என்ற சொல்லும் சேர்த்தால், பேட்டரியின் வரலாறு முழுவதும் ஓர் அறிக்கையாகக் கிடைக்கும். அதில் பார்க்கவேண்டியவை மூன்று எண்கள். என் கணினியின் அறிக்கையில், தயாரிக்கப்பட்டபோது இருந்த கொள்ளளவு 41,440 மில்லிவாட்-மணி என்றும், இப்போது முழுச் சார்ஜில் கொள்வது 21,130 என்றும், சார்ஜ் சுழற்சிகள் 212 என்றும் இருந்தன. ஒரு சுழற்சி என்பது சார்ஜரைச் செருகி எடுக்கும் ஒவ்வொரு தடவையையும் குறிப்பதன்று. பேட்டரியின் முழுக் கொள்ளளவுக்குச் சமமான மின்சாரம் வெளியேறினால்தான் ஒரு சுழற்சி. இன்று பாதி, நாளை பாதி என்று செலவழித்தால் இரண்டு நாளும் சேர்ந்து ஒரு சுழற்சியே ஆகும். மடிக்கணினிப் பேட்டரிகள் பொதுவாக முந்நூறு முதல் ஐந்நூறு சுழற்சி வரை பெரும்பகுதித் திறனைத் தக்கவைத்துக்கொள்ளும்படி செய்யப்படுகின்றன. என்னுடையதோ 212 சுழற்சியிலேயே ஏறக்குறைய பாதியை இழந்திருந்தது. அதாவது, அது உழைத்துத் தேய்ந்ததைவிடச் சும்மா இருந்து தேய்ந்ததே அதிகம்.

சும்மா இருக்கும் பொருள் எப்படித் தேயும் என்பதற்குப் பேட்டரியின் உள்ளே போகவேண்டும். சோனி நிறுவனம் 1991ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம்-அயனி மின்கலத்தின் அடிப்படை அமைப்பு இன்றும் பெரிதாக மாறவில்லை. அதற்கு வழிவகுத்த ஆய்வுகளுக்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கு 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மின்கலத்தில் ஒரு புறம் கிராஃபைட் பூசிய தாமிரத் தகடு, மறுபுறம் கோபால்ட், நிக்கல் போன்ற உலோகங்களின் ஆக்சைடு பூசிய அலுமினியத் தகடு, இரண்டுக்கும் நடுவே நுண்துளைகள் கொண்ட மெல்லிய பிளாஸ்டிக் தாள், எல்லாவற்றையும் நனைத்தபடி மின்பகுளி என்னும் கரிமத் திரவம் ஆகியவை இருக்கும். சார்ஜ் ஏற்றும்போது லித்தியம் அயனிகள் ஆக்சைடை விட்டுக் கிளம்பி, மின்பகுளியைக் கடந்து, கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் புகுந்துகொள்கின்றன. கணினி ஓடும்போது அதே வழியில் திரும்பி வருகின்றன. இராமேஸ்வரத்து விசைப்படகுகள் கடலுக்குப் போய்த் துறைக்குத் திரும்புவதுபோல, இங்கும் போகிறவை அனைத்தும் திரும்பி வரும்வரை தொழில் குறையாது.

ஆனால் எல்லாம் திரும்புவதில்லை. முழுச் சார்ஜில் உள்ள கிராஃபைட், தன்னைத் தொடும் மின்பகுளியைச் சிதைத்துவிடும் அளவுக்கு வினைவேகம் கொண்டது. முதல் முறை சார்ஜ் ஏற்றும்போதே அப்படிச் சிதைந்த பொருள்கள் கொஞ்சம் லித்தியத்தையும் பிடித்துவைத்துக்கொண்டு, கிராஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய படலமாகப் படிந்துவிடுகின்றன. இந்தப் படலம் அயனிகளை உள்ளே விடும், எலக்ட்ரான்களை மின்பகுளிப் பக்கம் விடாது. ஆகவே மேற்கொண்டு சிதைவது பெருமளவு நின்றுபோகிறது. இது இல்லையென்றால் சில நாள்களிலேயே மின்பகுளி முழுவதும் கெட்டுப்போகும் என்பதால், இந்தப் படலத்தைக் குறைபாடு என்று சொல்லிவிட முடியாது. சிக்கல் என்னவென்றால், அதன் வளர்ச்சி முற்றிலும் நிற்பதில்லை. சார்ஜ் ஏறும்போது கிராஃபைட் பத்து விழுக்காடு அளவுக்கு உப்பி, இறங்கும்போது சுருங்குவதால், படலத்தில் விரிசல் விழுந்து அங்கே புதுப் படலம் படிகிறது. கணினியைத் தொடாமல் வைத்திருந்தாலும் படலம் மெல்ல மெல்லத் தடித்துக்கொண்டே போகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் லித்தியம் அதில் சிக்கிக்கொள்கிறது. அப்படிச் சிக்கியது பிறகு ஒருநாளும் மின்சாரம் தராது.

இந்த வினையின் வேகத்தைத் தீர்மானிப்பவை இரண்டு. முதலாவது வெப்பம். வேதிவினைகள் பத்து டிகிரி செல்சியஸ் கூடினால் ஏறத்தாழ இருமடங்கு வேகம் பெறும் என்பது வேதியியலாளர்களின் பொதுக்கணக்கு. பேட்டரியின் மூப்புக்கும் அது ஓரளவு பொருந்தும். வெயில் காலத்தில் இரவிலும் வெக்கை தணியாத நம் கடற்கரையில், தகரக் கூரைக்குக் கீழே மெத்தையின் மேல் வைத்து வேலை செய்யும் மடிக்கணினியின் பேட்டரி 45 டிகிரியை எளிதாகத் தொட்டுவிடும். இரண்டாவது, சார்ஜின் அளவு. கலம் 4.2 வோல்ட்டில் நிறைந்து நிற்கும்போது கிராஃபைட் முனையில் லித்தியம் நெருக்கியடித்துக்கொண்டும், ஆக்சைடு முனையில் மிகக் குறைந்தும் இருப்பதால், இரு முனைகளுமே மின்பகுளியைத் தாக்கும் நிலையில் இருக்கின்றன. பரவலாக எடுத்துக்காட்டப்படும் ஓர் அளவீட்டின்படி, 40 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு வைத்திருந்த கலங்களில், நாற்பது விழுக்காடு சார்ஜில் இருந்தவை தம் திறனில் சுமார் 15 விழுக்காட்டையும், முழுச் சார்ஜில் இருந்தவை சுமார் 35 விழுக்காட்டையும் இழந்தன. பயன்படுத்தாமலே இவ்வளவு இழப்பு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக் காலத்தில் கணக்கு எழுத வேலையில்லை என்று முழுச் சார்ஜோடு பீரோவில் பூட்டிவைத்த கணினி, ஆண்டின் மிகச் சூடான 61 நாள்களைத் தனக்கு மிகக் கேடான நிலையில் கழித்திருக்கிறது.

அடுத்து, 28 சதவீதத்தில் அணைந்த மர்மம். படலம் தடிக்கத் தடிக்க அயனிகள் அதைக் கடப்பது கடினமாகிறது. இதை உள்மின்தடை கூடுகிறது என்பார்கள். படகின் அடியில் கொட்டலசு என்னும் ஓடுடைய சிற்றுயிர் ஒட்டினால் அதே வேகத்துக்கு அதிக டீசல் செலவாவதை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. என் பேட்டரியில் மூன்று கலங்கள் வரிசையாக இணைக்கப்பட்டு, ஏறத்தாழ 11 வோல்ட் தருகின்றன. ஒன்பது வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பாதுகாப்புச் சுற்று இணைப்பைத் துண்டித்துவிடும். கணினி ஒரு கனமான வேலைக்காகத் திடீரென்று மூன்று ஆம்பியர் இழுப்பதாகக் கொள்வோம். உள்மின்தடை 0.15 ஓம் என்றால் மின்னழுத்தம் அரை வோல்ட்டுக்கும் குறைவாகவே சரியும், யாரும் அறியமாட்டோம். மூப்பினால் அது 0.6 ஓம் ஆகியிருந்தால் 1.8 வோல்ட் சரியும். கால்வாசிச் சார்ஜ் மிச்சமிருக்கும்போதே மின்னழுத்தம் அந்த ஒன்பது வோல்ட் எல்லைக்குக் கீழே போய்விடும். மின்சாரம் உள்ளே இருக்கிறது, வேண்டிய வேகத்தில் வெளியே வரத்தான் முடியவில்லை. மூன்று கலங்களில் ஒன்று மற்றவற்றைவிட நலிந்திருந்தாலும் இதே கதைதான். கொள்ளளவு பாதியானதால் நான்கு மணி நேரம் இரண்டாகி, கடைசி 28 சதவீதம் கைக்கு எட்டாமல் போனதால் இரண்டு ஒன்றரையாயிற்று. கணக்கு சரியாகவே வந்தது.

உப்புக்கு வருவோம். மின்கலங்கள் காற்றுப் புகாமல் மூடப்பட்டவை. கடற்காற்று அவற்றின் உள்ளே போக வழியில்லை. ஆனால் கணினியின் அடிமூடியைத் திறந்து பார்த்தபோது, விசிறிக்குப் பக்கத்திலிருந்த செப்புத் தகடுகளின் இடுக்குகளில் சாம்பல் நிறத் தூசு, ஈரப்பஞ்சுபோல ஒட்டிக்கிடந்தது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானே நீரை உறிஞ்சிக் கரையும் இயல்புடையது. தீவில் அந்த அளவு ஈரப்பதம் அரிதன்று. உப்புப் படிந்த தூசு காய்ந்து உதிராமல் பசைபோல் பிடித்துக்கொள்வது அதனால்தான். காற்றோட்டம் அடைபட, கணினி சூடேற, சூடு பேட்டரியின் வயதைத் தின்கிறது. ஆக, உப்புக் காற்றைக் குறைசொன்ன பழுதுபார்ப்பவர் முற்றிலும் தவறு சொல்லிவிடவில்லை, வழிதான் வேறு. பக்கத்து மாவட்டத்துக் காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், உலோக அரிமானம், பேட்டரி ஆகிய இரண்டையுமே ஆராய்ந்து வருகிறது. துருவும் பேட்டரியின் மூப்பும் மின்வேதியியல் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் அது இயல்புதான்.

போன திறனை மீட்க வழியில்லை. ஃபிரிட்ஜில் வைத்து எடுப்பது, மாதந்தோறும் பூஜ்யம் வரை இறக்கி ஏற்றுவது எல்லாம் பலன் தராத வேலை. முழுவதும் இறக்கும் வழக்கம் பழைய நிக்கல்-கேட்மியம் பேட்டரிகளோடு வந்தது. எப்போதாவது ஒருமுறை முழுமையாக ஏற்றி இறக்கினால், சதவீதத்தைக் கணிக்கும் சில்லு தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும், அவ்வளவே. மிச்சமிருப்பதைக் காக்கலாம். இப்போதைய மடிக்கணினிகள் பலவற்றில் சார்ஜை எண்பது சதவீதத்தில் நிறுத்தும் அமைப்பு உண்டு. தயாரிப்பாளரின் செயலியிலோ, கணினி தொடங்கும்போதே திறக்கக்கூடிய பயாஸ் என்னும் அடிப்படை அமைப்பிலோ தேடினால் கிடைக்கும். மின்வெட்டு வந்தால் என்ன செய்வது என்ற கவலை எனக்கும் இருந்தது. நான் கண்ட தீர்வு எளியது: வழக்கமான நாள்களில் எண்பது, பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியதாகச் செய்தி வந்தால் அன்றைக்கு நூறு.

புதுப் பேட்டரி வாங்குவோர் விலையைப் பார்ப்பதற்கு முன் அதன் மேல் அச்சிட்டிருக்கும் தயாரிப்புத் தேதியைப் பார்ப்பது நல்லது. பெட்டி பிரிக்காமல் கிடங்கில் ஐந்தாண்டு கிடந்த பேட்டரிக்கும் அந்த ஐந்தாண்டு வயது ஏறியிருக்கும். பழைய பேட்டரி உப்பி, டச்பேட் மேலெழும்பியிருந்தால், மின்பகுளி சிதைந்து உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது என்று பொருள். அதன் பிறகு ஒரு முறைகூடச் சார்ஜ் ஏற்றக்கூடாது. குத்தவோ அழுத்தவோ கூடாது, தீப்பற்றும். இந்தியாவில் 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைத்துள்ளன. என்னுடையதன் இணைப்பு முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மணல் நிரப்பிய மண்சட்டியில் திண்ணைக்கு வெளியே நிழலில் வைத்திருந்து, அடுத்த முறை மதுரைக்குப் போனபோது மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிட்டு வந்தேன்.