ஓரத்தில் பென்சிலால் எழுதிய ஆண்டு

பழைய பள்ளி அட்லஸ் ஒன்றிலிருந்து பிளேடு வைத்து வெட்டியெடுத்த ஒற்றைத் தாள் அது. இடப்பக்க ஓரம் கோணலாகப் போயிருந்தது. ரஷ்யாவின் மேற்குப் பகுதிப் படம், கீழ்மூலையில் யாரோ பென்சிலில் '1905' என்று எழுதியிருந்தார்கள். அந்த ஆண்டை நம்பித்தான் வாங்கியதாகச் சொன்னார் கொண்டுவந்தவர். பத்து மடங்கு லென்ஸை பால்டிக் கரைமேல் வைத்து அவரையே பார்க்கச் சொன்னேன். அங்கே இருந்த ஊர்ப் பெயர் பெட்ரோகிராட். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கு அந்தப் பெயர் வந்ததே 1914இல்தான்.

"அப்போ 1914ன்னு வெச்சுக்கலாமா சார்?"

அதுவும் அவசரம். பக்கத்து ஊர்களின் எழுத்தைவிட இந்தப் பெயரின் எழுத்து கொஞ்சம் கருப்பாக, இடம் போதாமல் நெருக்கியடித்து நின்றது. அச்சுத் தகட்டில் பழைய பெயரைச் சுரண்டிவிட்டுப் புதியதை நுழைத்திருக்கிறார்கள். போலந்தும் பின்லாந்தும் இன்னும் ரஷ்யாவுக்குள்ளேயே இருந்தன. அதாவது தகடு பழசு, அச்சானது 1914இலோ அதற்குப் பிறகோ. 1924இல் அதே ஊர் லெனின்கிராட் ஆனது; அந்தப் பெயர் இல்லையே, அதனால் 1924க்கு முந்தையது என்று முடித்துவிடலாமா? பழைய தாள்களைப் பழுதுபார்த்தே பிழைப்பு நடத்துகிற நான் அப்படி எழுதிக் கொடுக்க மாட்டேன்.

படத்தில் இருப்பது முழுச் சாட்சி, இல்லாதது அரைச் சாட்சி. பள்ளி அட்லஸ் மலிவாக விற்க வேண்டிய சரக்கு. நல்ல தகட்டை எளிதில் தூக்கி எறிய மாட்டார்கள். வண்ணத்தை மட்டும் மாற்றி, இரண்டு பெயரைத் திருத்தி மறுபடி அச்சடிப்பார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் 'கோங் மலைத்தொடர்' என்று ஒன்றை 1798இல் ஆங்கிலேயப் புவியியலாளர் ரென்னல் தன் படத்தில் போட்டார். 1880களின் இறுதியில் பிரெஞ்சு அதிகாரி பிங்கர் நேரில் போய்ப் பார்த்து, அப்படி ஒரு மலையே இல்லை என்றார். அதற்குப் பிறகும் சில அட்லஸ்கள் அந்த மலையை விடவில்லை. படம் வரைகிறவர்களுக்கு மலையைப் பெயர்ப்பது அவ்வளவு சிரமம் போலிருக்கிறது!

உலகப் படத்தைவிடப் பிராந்தியப் படம் பல நேரங்களில் காலத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்து நிறுத்தும். ஆந்திரம் தனியாகப் பிரிந்திருக்கிறது, மலபார் மட்டும் இன்னும் சென்னை மாநிலத்தோடு இருக்கிறது என்றால், அந்தப் படம் காட்டும் நிலவரம் 1953 அக்டோபர் முதல் 1956 அக்டோபர் வரையிலான மூன்றே ஆண்டுகளுக்கு உரியது. அணை நீர்த்தேக்கங்களும் அப்படித்தான். ஹூவர் அணைக்குப் பின்னால் மீட் ஏரி நீலமாக விரிந்திருக்கும் அமெரிக்கப் படம் 1930களின் நடுப்பகுதிக்கு முன் வந்திருக்க வழியில்லை. ரயில் பாதையிடம் மட்டும் ஜாக்கிரதை: போடப்போவதாகச் சொல்லிப் போடாமலே விட்ட பாதைகளும் படத்தில் ஏறியிருக்கும்.

தீர்க்கரேகை எண்களையும் பாருங்கள். சுழியம் பாரிஸிலோ, கேனரி தீவுகளில் ஒன்றான ஃபெரோவிலோ தொடங்கினால் பழைய வழக்கம். கிரீனிச்சை ஏற்க 1884இல் வாஷிங்டன் மாநாடு முடிவெடுத்தது. ஆனால் பிரான்ஸ் 1911 வரை இழுத்தடித்தது, ஆகவே பிரெஞ்சுப் படத்துக்கு வேறு கணக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படம் என்று விற்கிறார்கள், லென்ஸில் பார்த்தால் நான்கு நிறப் புள்ளிகள் சிறுசிறு பூக்கள்போல ஒழுங்காகக் கூடியிருக்கின்றன என்றால், அது பிற்கால ஆஃப்செட் நகல். கையில் பூசிய வண்ணம் எல்லைக்கோட்டை அங்கங்கே தாண்டும், அடர்த்தியும் ஒரே மாதிரி இராது.

இத்தனையும் எதற்கென்றால், அட்லஸின் மற்றப் பக்கங்கள் இல்லாததால். முழு அட்லஸ் இருந்தால் வேலை பாதி குறையும். மக்கள்தொகை அட்டவணை எந்தக் கணக்கெடுப்பை வைத்துப் போட்டது என்று தெரியும். முதல் வெற்றுத்தாளில் ஒரு மாணவன் தன் பெயர், வகுப்பு, தேதியை மையில் எழுதியிருந்தால் அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் இல்லை. தேதி நிஜமென்றால் அதற்குப் பிறகு அந்தப் பிரதி அச்சாகியிருக்க முடியாது. அட்டையை உரித்து, படங்களை ஒவ்வொன்றாக வெட்டி விற்கும்போது முதலில் குப்பைக்குப் போவது அந்த வெற்றுத்தாள்தான். வெட்டிய தாளை வாங்குவதைத் தவிர்க்க முடியாவிட்டால், விற்பவரிடம் தலைப்புப் பக்கத்தின் போட்டோவையாவது கேளுங்கள்.

வாங்கியபின் லேமினேஷன் வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக்கைச் சூட்டில் ஒட்டினால், தாளுக்குச் சேதமில்லாமல் அதைப் பிரித்தெடுக்க எங்களால் அநேகமாக முடியாது. மரக்கூழ்த் தாள் தன் அமிலத்தாலேயே பழுப்பேறி நொறுங்கும், வெயிலில் மாட்டினால் இன்னும் சீக்கிரம். அமிலமற்ற உறையில் படுக்கை வாட்டில் வையுங்கள். கிழிந்த இடத்தில் செல்லோடேப்பைத் தொடாதீர்கள். அதன் பசை உள்ளே இறங்கிக் கறையாகிவிடும்.

பெட்ரோகிராட் தாளைப் பின்பக்கம் திருப்பினேன். அங்கும் ஒரு படம், கருங்கடல் பக்கம். கீழ்விளிம்பு நெடுக யாரோ டேப் ஒட்டியிருந்தார்கள். சில அச்சகங்கள் தங்கள் குறியீட்டைப் பொடி எழுத்தில் போடுவது சரியாக அந்த இடத்தில்தான். டேப்பை மெதுவாகத்தான் எடுக்க வேண்டும், இரண்டு நாள் ஆகும் என்றேன். வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.