வெளிநாட்டுப் படை எப்போது வெளியேற வேண்டும்: நமீபியாவும் 435ஆம் தீர்மானமும்

பிடித்து வைத்திருக்கும் நாட்டிலிருந்து வெளிநாட்டுப் படை எந்த நாளில் வெளியேற வேண்டும், அந்த நாளைக் குறிக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு என்ற கேள்வி தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்குப் புதியதாக இருக்க முடியாது. 1915இல் ஜெர்மனியிடமிருந்து நமீபியாவைக் கைப்பற்றி, 1989 வரை அங்கே நிலைகொண்டிருந்தது இந்த நாட்டின் படைதான். கட்டாய இராணுவச் சேவை வெள்ளை இளைஞர்களுக்கு மட்டுமே இருந்ததாலும், இந்தியருக்கென 1984இல் அமைந்த தனி அவைக்கான தேர்தலையே நம்மவர்களில் பெரும்பாலோர் புறக்கணித்ததாலும், நமீபிய விடுதலை இயக்கமான ஸ்வாப்போவோடு அந்தப் படை நடத்திய போர் நம் வீடுகளில் அதிகம் பேசப்படவில்லை. ஆனால் அது முடிவுக்கு வந்த முறையை ஒவ்வொரு குடிமகனும் அறிந்திருக்க வேண்டும்.

முதலில் பொதுவான சட்டத்தைப் பார்ப்போம். ஒரு நிலப்பகுதி எதிரிப் படையின் அதிகாரத்துக்குள் நடைமுறையில் வந்துவிட்டால் அது ஆக்கிரமிக்கப்பட்ட பகுதி என்று 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிமுறைகள் கூறுகின்றன. அங்குள்ள மக்களை எப்படி நடத்த வேண்டும் என்பதை அவையும் 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கையும் விரிவாக வகுத்திருக்கின்றன. ஆனால் படை வெளியேற வேண்டிய நாளை இவை எதுவும் குறிப்பிடவில்லை. நாள் குறிக்கப்படாததால் விரும்பும் வரை இருக்கலாம் என்று ஆக்கிரமித்த அரசுகள் வாதிடுவதுண்டு. அந்த வாதத்துக்குத் தெளிவான பதில் நமீபியா வழக்கில் கிடைத்தது.

நமீபியாவை நிர்வகிக்கும் பொறுப்பை 1920இல் தென்னாப்பிரிக்காவுக்கு வழங்கியது அன்றைய சர்வதேச சங்கம். அங்கும் நிறவெறிச் சட்டங்களைப் புகுத்திய பிரிட்டோரியா அரசிடமிருந்து அந்தப் பொறுப்பை 1966 அக்டோபரில் ஐ.நா. பொதுச்சபை பறித்தது. அரசு அசையவில்லை. 1970இல் பாதுகாப்புச் சபை அந்த இருப்பைச் சட்டவிரோதம் என்று அறிவித்தது. தென்னாப்பிரிக்கா தன் நிர்வாகத்தை உடனடியாக விலக்கிக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளது என்று 1971 ஜூன் 21 அன்று சர்வதேச நீதிமன்றம் தன் ஆலோசனைக் கருத்தில் கூறியது. இங்கே கவனிக்க வேண்டிய சொல் ‘உடனடியாக’ என்பதே. இருப்பே சட்டவிரோதம் என்றான பிறகு, எப்போது போகலாம் என்று முடிவு செய்யும் உரிமை, இருப்பவருக்கு இல்லை. எந்த வழியில், எத்தனை கட்டங்களில் போவது என்பதைப் பற்றி மட்டுமே பேச இடமுண்டு.

அந்த வழியை வகுத்தது 1978 செப்டம்பர் 29 அன்று நிறைவேறிய பாதுகாப்புச் சபையின் 435ஆம் தீர்மானம். அது ஏற்றுக்கொண்ட திட்டத்தின் கால அட்டவணை, படை விலகலை எண்ணிக்கை, இடம், வாரம் என்று தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்தது. போர் நிறுத்தம் தொடங்கியதும் தென்னாப்பிரிக்கப் படையினர் முகாம்களுக்குள் திரும்பிவிட வேண்டும். ஆறாவது வார முடிவில் அவர்களது எண்ணிக்கை 12,000 ஆகவும், ஒன்பதாவது வாரத்தில் 8,000 ஆகவும், பன்னிரண்டாவது வாரத்தில் 1,500 ஆகவும் குறைய வேண்டும். எஞ்சிய அந்த 1,500 பேரும் குரூட்ஃபொன்டைன், ஓஷிவெலோ ஆகிய இரண்டு இடங்களைத் தவிர வேறெங்கும் இருக்கக் கூடாது. அதன் பிறகுதான் சுதந்திர நமீபியாவுக்கான தேர்தலின் பிரச்சாரம் தொடங்க வேண்டும். தேர்தல் முடிவு சான்றளிக்கப்பட்ட ஒரு வாரத்துக்குள் கடைசிச் சிப்பாயும் வெளியேறிவிட வேண்டும். துப்பாக்கியின் நிழலில் மக்கள் வாக்களிக்கக் கூடாது என்பதே இந்த வரிசையின் நோக்கம். அதைச் சரிபார்க்க ஐ.நா. அனுப்பிய படைப்பிரிவுக்கு இந்தியாவின் லெப்டினன்ட் ஜெனரல் பிரேம் சந்த் தலைமை தாங்கினார்.

இத்தனை தெளிவான அட்டவணை பத்தாண்டுகளுக்கு மேல் செயலுக்கு வரவில்லை. வடக்கே அண்டை நாடான அங்கோலாவில் உள்ள கியூபப் படைகள் வெளியேறினால்தான் நமீபியா விடுபடும் என்ற நிபந்தனையை அமெரிக்காவும் பிரிட்டோரியாவும் 1981க்குப் பிறகு முன்வைத்தன. ஒரு நாட்டு மக்களின் விடுதலையை இன்னொரு நாட்டிலுள்ள மூன்றாம் நாட்டுப் படையோடு முடிச்சுப் போடுவதற்குச் சட்டத்தில் எந்த ஆதாரமும் இல்லை. அந்தத் தாமதத்துக்கு விலையாக உயிரைக் கொடுத்தவர்கள் நமீபியர்களும் அங்கோலர்களும். கட்டாயச் சேவையில் எல்லைக்கு அனுப்பப்பட்ட இந்நாட்டு இளைஞர்களும் அவர்களில் அடக்கம். அங்கோலாவின் தெற்கிலுள்ள குயிட்டோ குவானவாலே நகரைச் சுற்றி 1987, 1988இல் நடந்த போருக்குப் பிறகே பேச்சுவார்த்தை வேகம் பிடித்தது. 1988 டிசம்பர் 22 அன்று அங்கோலா, கியூபா, தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்றும் நியூயார்க்கில் கையெழுத்திட்டன. கியூபப் படைகள் 1991 ஜூலைக்குள் படிப்படியாக வெளியேற வேண்டும் என்றும், 1989 ஏப்ரல் 1 முதல் 435ஆம் தீர்மானம் நடைமுறைக்கு வரும் என்றும் முடிவாயிற்று.

அந்த முதல் நாளே எல்லாம் குலையப் பார்த்தது. ஸ்வாப்போ போராளிகள் வடக்கு எல்லையைக் கடந்து நமீபியாவுக்குள் வந்தனர். ஐ.நா. வீரர்களில் பெரும்பாலோர் இன்னும் வந்து சேராத நிலையில், ஐ.நா. சிறப்புப் பிரதிநிதி மார்ட்டி ஆத்திசாரியின் ஒப்புதலோடு தென்னாப்பிரிக்கப் படையினர் முகாம்களிலிருந்து வெளியே விடப்பட்டனர். சில நாட்களில் முந்நூறுக்கும் மேற்பட்ட போராளிகள் கொல்லப்பட்டனர். கண்காணிப்பவர் களத்தில் இல்லாமல் அட்டவணையைத் தொடங்குவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டியதில்லை.

எண்ணிக்கைக் கணக்கில் தப்பிய இன்னொன்றும் இருந்தது. போராளிகளை ஒடுக்க அமைந்த ‘கூவூட்’ என்ற பிரிவு இராணுவத்தைச் சேர்ந்ததாக இல்லாமல் காவல்துறையைச் சேர்ந்ததாக இருந்ததால், 1,500 என்ற வரம்பு அதற்குப் பொருந்தவில்லை. அதன் ஆட்கள் காவல் சீருடையில், காஸ்பிர் கவச வண்டிகளில் வடக்கிலுள்ள ஓவம்போ இன மக்களின் கிராமங்களுக்குள் தொடர்ந்து சென்று மக்களை அச்சுறுத்தினர். அந்தப் பிரிவைக் கலைக்கும்படி அதே ஆண்டு ஆகஸ்டில் பாதுகாப்புச் சபை தனித் தீர்மானமே நிறைவேற்ற வேண்டியிருந்தது. படை விலகல் என்ற பேச்சு எங்கே எழுந்தாலும், சீருடையை மாற்றிக்கொண்டு தங்கிவிடும் இத்தகைய பிரிவுகளைப் பற்றித்தான் முதலில் கேட்க வேண்டும்.

நவம்பர் 7 முதல் 11 வரை நடந்த தேர்தலில் ஸ்வாப்போ 72 இடங்களில் 41ஐ வென்றது. எஞ்சியிருந்த தென்னாப்பிரிக்கப் படையினர் அந்த மாதமே வெளியேறினர். 1990 மார்ச் 21 அன்று நமீபியா சுதந்திரம் பெற்றது. 435ஆம் தீர்மானத்தின் திட்டத்தில் அடங்காத, தென்னாப்பிரிக்கா தன் வசம் வைத்திருந்த துறைமுகப் பகுதியான வால்விஸ் விரிகுடா மட்டும் நமீபியாவோடு சேர 1994 மார்ச் 1 வரை காத்திருந்தது.

இன்றைய தென்னாப்பிரிக்காவில் படையை வெளிநாட்டுக்கு அனுப்பும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 201ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. குடியரசுத் தலைவர் மட்டுமே அதற்கு அனுமதி அளிக்கலாம். ஆனால் காரணம் என்ன, எந்த இடத்துக்கு, எத்தனை பேர், எவ்வளவு காலத்துக்கு என்ற நான்கையும் அவர் தாமதமின்றி நாடாளுமன்றத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். படை அனுப்பப்பட்ட முதல் ஏழு நாட்களில் நாடாளுமன்றம் கூடாவிட்டால் அந்த விவரங்களை உரிய நாடாளுமன்றக் குழுவிடம் அளிக்க வேண்டும். 2025இல் கிழக்குக் கொங்கோவிலிருந்து நம் வீரர்கள் திரும்பியபோது இந்தப் பிரிவு மீண்டும் பேசப்பட்டது. அவர்கள் அந்நாட்டு அரசின் சம்மதத்தோடு சென்றவர்கள் என்பதால் அதை ஆக்கிரமிப்பு என்று சொல்ல முடியாது. எனினும் கால அளவைச் சொல்ல வேண்டிய கடமை அங்கும் அப்படியே பொருந்தும். படை கிளம்பிய நாளிலேயே அது திரும்பும் காலத்தைக் கேட்கும் உரிமை நாடாளுமன்ற உறுப்பினருக்கு உண்டு. அவரிடம் அதைக் கேட்கச் சொல்லும் உரிமை, வாக்களித்த நமக்கு உண்டு.