உப்புக்காற்றில் நையும் பொம்மைச் சட்டை

நவராத்திரிக்குப் பரணிலிருந்து இறக்கும் மரப்பாச்சி ஜோடிக்கு நூறு வயதானாலும் உடம்பில் பெரிய சேதம் இருக்காது. செம்மரம் தண்ணீரில் மூழ்கும் அளவுக்கு அடர்த்தியானது, பூச்சியும் எளிதில் அண்டாது. ராணியின் பாவாடைதான் தொட்டால் உதிரும். ராமேஸ்வரம், மண்டபம், தேவிபட்டினம் பக்கம் இது இன்னும் சீக்கிரம் நடக்கிறது. காரணம் உப்பு.

அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றிலேயே காய்ந்து உப்புத்தூளாக வந்து துணியில் படிகின்றன. சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை இழுத்துக் கரையும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் இருக்கிறதே, அதற்கு 33 சதவீதமே போதும். நம் கடற்கரையில் காற்று அவ்வளவு வறள்வது அபூர்வம். ஆக, கைக்குக் காய்ந்ததாகத் தெரியும் துணியிலும் இழையோடு ஒட்டி உப்புநீர் இருந்துகொண்டே இருக்கும். உப்பளத்தில் உப்பை வாரியபின் மிஞ்சும் கசப்பு நீரில் சேர்வதும் இதே மக்னீசியம்தான்.

இந்த ஈரம் முதலில் பிடிப்பது கொக்கியையும் குண்டூசியையும். துரு துணிக்குள் பரவும். அதிலுள்ள இரும்பு அயனிகள், ஆக்சிஜன் பருத்தியின் செல்லுலோஸ் சங்கிலிகளை அறுப்பதை வேகப்படுத்துகின்றன. பழுப்புக் கறை சில வருடங்களில் ஓட்டையாவது இதனால்தான். செம்பு கலந்த சரிகை பச்சை பூக்கும்.

பட்டில் இன்னொரு சங்கதி உண்டு. பட்டு நூலின் பசையை வேகவைத்து நீக்கினால் கால்வாசி எடை போய்விடும். எடைபோட்டு விற்கும் சரக்கு ஆயிற்றே! 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய ஆலைகள் பட்டை வெள்ளீய உப்புகளில் ஊறவைத்து அந்த எடையை ஈடுகட்டின. அப்படி வந்த சீமைப்பட்டு மடிப்போரமாகத் தானே வெடிக்கும். வெளிச்சம் பட்டால் இன்னும் வேகம்.

ரங்கூனிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வந்த செல்லுலாய்டு பொம்மை வீட்டில் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்திய பருத்தியும் சூடமும் சேர்ந்த பொருள் அது. அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ஜான் ஹையாட் 1870இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். வெப்பத்திலும் ஈரத்திலும் அது நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளிவிடும். அவை ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, சிதைவை மேலும் முடுக்கும். இறுக மூடிய தகரப்பெட்டி இதற்கு மிக மோசமான இடம்: பொம்மை தன் கவுனையும் அரிக்கும், பக்கத்துப் பொம்மையின் சட்டையையும் விடாது. சூட வாசனைக்குப் பதில் காரமான நெடி வந்தால், உடம்பு பிசுபிசுத்தால், உடனே பிரித்துக் காற்றோட்டமான அட்டைப்பெட்டியில் தனியாக வையுங்கள். சட்டென்று தீப்பிடிக்கும் பொருள், கொலு விளக்கருகே வேண்டவே வேண்டாம்.

சரி, துணிகளை என்ன செய்வது? குண்டூசி, கொக்கியை முதலில் எடுத்துவிடுங்கள். நையாத பருத்திச் சட்டை என்றால், ஓரத்தில் சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டு வாலைவடிநீரில் (காய்ச்சி ஆவியாக்கிக் குளிரவைத்துப் பிடித்த சுத்த நீர்) அலசலாம். ஆழ்துளைக் கிணற்று நீர் வேண்டாம். இந்தக் கரையில் பல இடங்களில் அதுவே உவர்நீர், போன உப்பு திரும்ப ஏறும். பட்டையும் சரிகையையும் நனைக்கவே கூடாது. மடிக்காமல், துவைத்த வெள்ளை மல் துணியோடு சேர்த்துச் சுருட்டுங்கள். அந்துருண்டை பூச்சியைத்தான் விரட்டும், உப்பை ஒன்றும் செய்யாது. அப்புறம், வெடித்த பட்டைத் தைக்க உட்காராதீர்கள். ஊசி இறங்கும் இடமெல்லாம் புதுக் கிழிசல் விழும். மேலே மெல்லிய வலைத்துணியைப் போர்த்தி, கெட்டியாக இருக்கும் ஓரத்தில் மட்டும் தையல் போட்டால் போதும்.