ஆர்ட்டீமியாவின் ஓட்டை உடைப்பது யார்?

மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் சண்டை மீனும் கப்பியும் வளர்க்கிற ஒரு தம்பி கேட்டிருந்தார்: “அண்ணே, ஆர்ட்டீமியா டின்னு வாங்கி ஒரு வருஷம் ஆச்சு. காஞ்ச மணல் மாதிரி கிடக்குது. உப்புத் தண்ணியில போட்டா மறுநாளே நீந்துது. அதுவரைக்கும் அதுக்கு உயிர் இருந்துச்சா, இல்லையா?”

இருந்தது தம்பி, ஆனால் ஓடாமல் இருந்தது. ஆர்ட்டீமியா என்பது மீன்குஞ்சுக்கு உயிர் உணவாகப் போடுகிற, இறால் வகையறாவைச் சேர்ந்த ஒரு சின்ன உயிரி, வாழ்வது உப்பு ஏரிகளிலும் உப்பளங்களிலும். கடையில் கிடைக்கும் டின்களில் நிறைய அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து கிரேட் சால்ட் லேக்கில் அள்ளியவை. ஏரி நன்றாக இருக்கும்போது தாய் நேரடியாகக் குஞ்சு போடும். உப்பு ஏறினாலோ ஆக்சிஜன் குறைந்தாலோ, வளர்ந்துகொண்டிருக்கும் கருவைக் கெட்டியான ஓட்டுக்குள் அடைத்து வெளியே விட்டுவிடும். நாம் முட்டை என்று வாங்குவது அதைத்தான். கால் மில்லிமீட்டர் அளவு, ஒரு கிராமில் சுமார் இரண்டரை லட்சம். ஒவ்வொன்றுக்குள்ளும் ஏறக்குறைய 4,000 செல்கள் வரை வளர்ந்து, அப்படியே நின்றுபோன ஒரு கரு.

காய்ந்தும் சாகாததற்குக் காரணம் ஒரு சர்க்கரை. டிரெஹலோஸ் என்று பெயர், கருவின் உலர் எடையில் 15 சதவீதம் வரை அதுதான். தண்ணீர் வெளியேற வெளியேற, புரதங்களையும் செல் சவ்வுகளையும் சுற்றித் தண்ணீர் இருந்த இடத்தை இது பிடித்துக்கொள்கிறது, பிறகு காய்ச்சிய பாகு மிட்டாயாக இறுகுகிற மாதிரி கண்ணாடிபோல் இறுகிவிடுகிறது. உள்ளே எதுவும் நகர முடியாது, அதனால் எதுவும் கெடவும் முடியாது. கூடவே புரதங்கள் சுருண்டு கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள பி26 என்றொரு காவல் புரதமும் ஏராளமாக உண்டு. கலிபோர்னியாவில் ஜேம்ஸ் கிளெக் என்ற ஆய்வாளர், காயாத, தண்ணீரில் நன்றாக ஊறிய முட்டைகளை ஆக்சிஜனே இல்லாமல் நான்கு வருடம் வைத்திருந்தார், அப்புறம் காற்று கிடைத்ததும் அவை பொரித்தன. 1972ல் அப்பல்லோ 16 விண்கலத்தில் நிலவுப் பயணமும் போய் வந்திருக்கின்றன இந்த முட்டைகள். விண்வெளிக் கதிர் நேராகத் தாக்கியவை நிறைய அடிபட்டன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். இந்த ஓட்டை உடைப்பது யார்? கோழிக்குஞ்சுக்காவது கொத்துவதற்கு அலகு இருக்கிறது. இந்தக் கருவுக்கு அலகும் இல்லை, உதைக்கிற காலும் இன்னும் இல்லை.

தண்ணீரில் போட்ட ஓரிரண்டு மணி நேரத்தில், ஒரு பக்கம் குழிந்து கிடந்த முட்டை உறிஞ்சி உறிஞ்சி உருண்டையாகும். அந்த நேரத்தில் நல்ல வெளிச்சம் பட்டால் கருவுக்கு அதுதான் புறப்படச் சொல்கிற சைகை. உடனே சேமித்து வைத்த டிரெஹலோஸை உடைக்கத் தொடங்கும். ஒரு பங்கை எரித்துச் சக்தி எடுக்கிறது, ஒரு பங்கு கிளைகோஜன் ஆகிறது, இன்னொரு பங்கை கிளிசராலாக மாற்றுகிறது. கிளிசரால் தண்ணீரை இழுக்கிற ஆசாமி, அதுவும் ஓட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு சேர்கிறது. பள்ளியில் படித்த சவ்வூடு பரவல்தான்: உள்ளே கிளிசரால் கூடக் கூட வெளியிலிருந்து தண்ணீர் புகுந்துகொண்டே இருக்கும், அழுத்தம் ஏறும், ஏறி ஏறி ஒரு கட்டத்தில் ஓடு வெடித்துப் பிளந்துவிடும். கரு மெல்லிய சவ்வுப் பைக்குள் இருந்தபடி ஓட்டில் தொங்கும். பிறகு ஒரு நொதி அந்தச் சவ்வைப் பலவீனமாக்க, குஞ்சு நீந்தி வெளியே வரும். இதில் இன்னும் வியப்பான ஒன்று: ஊறியதிலிருந்து வெளியே வரும்வரை ஒரு செல்கூடப் புதிதாகப் பிரிவதில்லை. இருந்த 4,000 செல்களே கண்ணும் காலுமாக உருமாறிக்கொள்கின்றன.

இப்போது உப்பின் கணக்கு புரிந்துவிடும். வெளியே இருக்கும் உப்பும் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். அதை மீறித் தண்ணீர் உள்ளே வர வேண்டுமானால் கரு அதற்கேற்ற அளவு கிளிசரால் செய்தாக வேண்டும். உப்பு அதிகமென்றால் நேரமும் அதிகம், குஞ்சின் கையிருப்பிலும் நட்டம். மிக உப்பான தண்ணீரில் பொரிக்கவே பொரிக்காது. ஏரியில் இது சரியான ஏற்பாடு: மழை பெய்து உப்பு இறங்கினால்தானே குஞ்சு பிழைக்கும்.

நம் ஊரில் செய்முறை சுலபம். 1.5 லிட்டர் போத்தலின் அடியை வெட்டித் தலைகீழாக நிறுத்துங்கள், லிட்டருக்கு 25 கிராம் கல் உப்பு, ஒரு சிட்டிகை ஆப்பசோடா (அந்த நொதிக்கு பி.எச். 8க்கு மேல் வேண்டும், நம் குழாய்த் தண்ணீர் பல இடங்களில் அவ்வளவு இருக்காது), அரை டீஸ்பூன் முட்டை, அடி வரை ஏர் பம்புக் குழாய், மேலே விளக்கு. குளிர் நாட்டுக்காரர்கள் ஹீட்டர் வாங்குகிறார்கள், நமக்கு 28 டிகிரி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 24 மணி நேரத்தில் போத்தல் ஆரஞ்சு நிறமாகிவிடும். நம் ஊரில் பிரச்சினை ஈரக்காற்று. திறந்த டின் காற்றிலிருந்தே ஈரம் இழுத்துக்கொள்ளும், கரு அரைகுறையாக விழித்துக் கையிருப்பைத் தின்றுவிட்டுச் செத்துப்போகும். அதனால் இறுக்க மூடி ஐஸ்பெட்டியில் (ஃபிரிட்ஜில்) வையுங்கள். உயிர் உணவுக்குக் கொசுப்புழுவே போதுமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி கொசு வளர்த்தால் அபராதம், அதைவிட டெங்கி வேறு.

பௌர்ணமியில் போட்டால் நன்றாகப் பொரிக்கும் என்று பசார் மாலாம் (இரவுச் சந்தை) மீன்கடையில் ஒருவர் சொன்னார். போத்தலுக்கு மேலே எரிகிற பல்புக்கு முன்னால் நிலா எம்மாத்திரம்! ஃபிளவர்ஹார்ன் மீனின் உடம்புப் புள்ளியைப் பார்த்து லாட்டரிக்கு நாலு நம்பர் எடுத்த ஊர் இது, அதனால் ஆச்சரியமில்லை. எனக்கு வருத்தமெல்லாம் வேறு. 1960களின் தொடக்கத்தில் பினாங்கு குளுகோரில்தான் ஷாவ்-வென் லிங் என்பவர், ஆற்று இறாலின் குஞ்சு வளர உவர் நீர் வேண்டும் என்று கண்டுபிடித்தார், உலகம் முழுக்க உடாங் காலா (அந்த ஆற்று இறால்தான்) பண்ணைகள் அதிலிருந்து வந்தவை. அந்தப் பண்ணைகளில் குஞ்சுகளுக்குப் போடுவதும் பெரும்பாலும் ஆர்ட்டீமியாதான். வியட்நாம்காரர்கள் 1980களில் மெக்கோங் கழிமுகத்து வின் சாவ் உப்பளங்களில் இதை வளர்க்கத் தொடங்கி முட்டை ஏற்றுமதி வரை போய்விட்டார்கள். நம் உப்புக்கு அவ்வளவு வெயில் இல்லை என்பது நியாயம்தான், ஆனால் மீன்குஞ்சுத் தீவன ஆராய்ச்சிக்குப் பணம் போட வெயில் எதற்கு?

கடைசியாக, கொடுக்கும் நேரம். பொரித்த குஞ்சுக்கு முதல் சில மணி நேரம் வாயும் குடலும் வேலை செய்யாது, உள்ளிருக்கும் மஞ்சள்கருவில்தான் ஓடும். சத்து அதிகம் அப்போதுதான், நேரம் போகப் போகக் கரைந்துவிடும். பம்பை நிறுத்திப் பத்து நிமிடம் விடுங்கள். வெற்று ஓடுகள் மிதக்கும், பொரிக்காதவை அடியில் தங்கும். பக்கத்தில் டார்ச் காட்டினால் குஞ்சுகள் வெளிச்சத்தைத் தேடி ஒன்றுகூடும், அங்கிருந்து குழாயால் உறிஞ்சிக் கோப்பி வடிக்கும் துணியில் பிடித்து நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள். ஓட்டை மட்டும் சேரவிடாதீர்கள், மீன்குஞ்சுக்கு அது செரிக்காது, குடலை அடைத்துவிடும். நல்ல தண்ணீரில் ஆர்ட்டீமியா சில மணி நேரம்தான் தாங்கும் என்பதால் தின்று முடிக்கிற அளவே போடுங்கள். மீதியை உப்புத் தண்ணீரோடு ஐஸ்பெட்டியில் வைத்தால் குளிரில் செலவு குறைந்து மறுநாள் வரை சத்தோடு இருக்கும்.