கல்லறைக் கற்களில் பூத்த பூக்கள்: தேய்க்கும் முன் வாசியுங்கள்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பழைய கல்லறைக் கற்களைப் பராமரிக்கும் தொழிலில் இருக்கிறேன். பனிக்காலம் முடிந்ததும் குடும்பத்தினரும் தன்னார்வலர்களும் வாளியும் தூரிகையுமாக வந்து, முன்னோரின் கற்களை வெள்ளை வெளேரென்று ஆக்கிவிட்டுப் போவது இங்கு வழக்கம். அதன் பிறகு நான் போய்ப் பார்க்கும்போது பெயரும் தேதியும் பளிச்சென்று தெரிகின்றன. அவற்றின் மேலே இருந்த பூவோ மழுங்கிப்போயிருக்கிறது. அந்தப் பூவும் கல்வெட்டின் ஒரு பகுதிதான் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இந்நிலத்தின் கல்லறைகளில் தொடக்கத்திலேயே பூக்கள் இடம்பெற்றுவிடவில்லை. 1660இல் தொடங்கிய பாஸ்டன் நகரின் கிரானரி இடுகாட்டில், கரும் சிலேட்டுக் கற்களின் தலைப்பகுதியில் சிறகு முளைத்த மண்டையோடுகளையே மிகுதியாகக் காணலாம். நாளடைவில் மண்டையோட்டின் இடத்துக்குச் சிறகுள்ள குழந்தை முகமும், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாழியும் கிளை தாழ்ந்த வில்லோ மரமும் வந்தன. 1831இல் கேம்பிரிட்ஜில் மவுண்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டம் திறக்கப்பட்டபோது, அதன் பின்னணியில் மாசசூசெட்ஸ் தோட்டக்கலைச் சங்கம் இருந்தது. முன்னின்று உழைத்த ஜேக்கப் பிகலோ ஒரு மருத்துவர், தாவரவியல் அறிஞரும்கூட. இறந்தோரை மரங்களுக்கும் செடிகளுக்கும் நடுவே அடக்கம் செய்யத் தொடங்கிய அதே தலைமுறை, வெண்பளிங்கை விரும்பி வாங்கி அதில் பூக்களையும் செதுக்கச் சொன்னது.

ரோஜாதான் அதிகம். விரியாத மொட்டு குழந்தையையும், பாதி விரிந்தது இளவயதினரையும், முழுதாக மலர்ந்தது வாழ்ந்து முடித்தவரையும் பொதுவாகக் குறிக்கும். காம்பு முறிந்திருந்தால், காலத்துக்கு முன்பே போன உயிர். முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு குழந்தையின் பளிங்குக் கல் என் நினைவில் நிற்கிறது. அதில் காம்பு நடுவில் முறிந்து, மொட்டு தலைகீழாகத் தொங்குகிறது; முறிந்த இடத்தில் நார் பிரிவதைக்கூட உளியின் நுனியால் கீறிக் காட்டியிருக்கிறார் சிற்பி. சாய்வெயிலில் மட்டும் தெரியும் அந்தக் கீறல், ஒரே ஒரு முறை அழுத்தித் தேய்த்தால் போய்விடும்.

கசகசாச் செடியின் பூ நீள்துயிலையும், லில்லி தூய்மையையும், கோதுமைக் கதிர்க்கட்டு நிறைவாழ்வையும் சொல்லும். இவற்றைவிட விரிவாகப் பேசுவது நம் ஊரில் கிருஷ்ண கமலம் என்று கொடியாக வளர்க்கிறோமே, அந்தப் பூ. தென் அமெரிக்காவில் அதைக் கண்ட ஸ்பானிய மிஷனரிகள், கிறிஸ்துவின் பாடுகளை அதன் உறுப்புகளில் கண்டார்கள்: நடுவில் உள்ள இழைவட்டம் முள்முடி, ஐந்து மகரந்தத் தாள்கள் ஐந்து காயங்கள், மூன்று சூல்முடிகள் மூன்று ஆணிகள், வெளிவட்டத்தின் பத்து இதழ்கள் யூதாசும் பேதுருவும் நீங்கலான திருத்தூதர்கள். கல்லில் அந்த இழைவட்டமே மிக மெல்லியது என்பதால் அதுவே முதலில் மறைகிறது. மறைந்தபின் எஞ்சுவது சாதாரண டெய்சிப் பூவைப் போலத் தோன்றும்; டெய்சியோ குழந்தையின் களங்கமின்மைக்கு உரியது. இரட்சிப்பில் வைத்த நம்பிக்கைக்காகச் செதுக்கிய கல், ஆவணத்தில் வேறொரு பொருளோடு பதிவாகிவிடும்.

இருப்பினும் ஒரு பூவுக்கு ஒரு பொருள் என்று அகராதி வைத்துப் படிப்பதை நான் ஏற்பதில்லை. பூக்களை முன்பே செதுக்கி, பெயருக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்த பட்டறைகளும் இருந்தன. ஆகவே வயது, சமயம், அருகிலுள்ள குடும்பக் கற்கள் ஆகியவற்றோடு சேர்த்துப் பார்த்த பிறகே பொருள் சொல்ல வேண்டும்.

பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். நிலக்கரிப் புகையிலிருந்து வந்த கந்தக டைஆக்சைடு ஈரத்தோடு சேர்ந்து அதன் மேற்பரப்பை ஜிப்சமாக மாற்ற, மழை அதைக் கரைத்துக்கொண்டு போகிறது. புடைத்து நிற்கும் மெல்லிய விளிம்புகள் பல பக்கங்களிலிருந்தும் தாக்கப்படுவதால், ஆழமாக வெட்டிய எழுத்தைவிடப் பூ விரைவில் அழிகிறது. இப்படி நலிந்த கல்லின் மேல் கம்பித் தூரிகையும் உயரழுத்த நீரும் பட்டால் எஞ்சியதும் உதிரும். ப்ளீச் விட்டுச்செல்லும் உப்புகள் கல்லின் நுண்துளைகளில் படிகமாகி, உள்ளிருந்தே அதைப் பிளக்கும்.

எனவே முதலில் இடுகாட்டு நிர்வாகத்திடம் அனுமதி பெறுங்கள். கல்லை விரலால் மெல்லத் தடவும்போது சர்க்கரை போல மணிமணியாக ஒட்டினால், கழுவும் எண்ணத்தை அங்கேயே கைவிட்டு, பழைய கற்களைப் பாதுகாப்பதில் பயிற்சி பெற்ற வல்லுநரை அழையுங்கள். உறுதியான கல்லாக இருந்தால் நன்றாக நனைத்து, மென்மையான தூரிகையால் கீழிருந்து மேலாகத் துடைத்து, தொடர்ந்து நீர் ஊற்றிக்கொண்டே இருங்கள்; உறைபனி வரும் நாட்களில் இதைச் செய்யக் கூடாது. மங்கிய உருவைப் படிக்கச் சுண்ணக்கட்டியோ ஷேவிங் கிரீமோ பூச வேண்டாம். ஒரு கண்ணாடியைப் பக்கவாட்டில் பிடித்துச் சூரிய ஒளியைக் கல்லின் குறுக்கே சாய்த்தால் போதும். அந்த ஒளியில் எடுக்கும் படத்தோடு மொட்டு எவ்வளவு விரிந்திருக்கிறது, காம்பு முறிந்திருக்கிறதா, இதழ்கள் எத்தனை என்பதையும் எழுதி, இடுகாட்டு அலுவலகத்துக்கு ஒரு படி கொடுங்கள்.