நிலவு காட்டிக்கொடுத்த வரிகள்

சிலி நாட்டுக் கரையிலிருந்து 3,500 கிலோமீட்டருக்கு அப்பால், பசிபிக் கடலுக்குள் இருக்கிறது ராப்பா நூயி என்கிற ஈஸ்டர் தீவு. அதன் கல்சிலைகளைத் தெரிந்த பலருக்கும், மரப்பலகைகளில் பொறித்த ரோங்கோரோங்கோ எழுத்தைத் தெரியாது. மீன், பறவை, மனிதர், பிறை என்று குறிகள் ஓடும். ஒரு வரி முடிந்ததும் பலகையைத் தலைகீழாகத் திருப்பித்தான் அடுத்த வரிக்குப் போக வேண்டும். 1862-ல் பெருவிலிருந்து வந்த அடிமை வணிகர்கள் தீவு மக்களைப் பிடித்துப் போனார்கள். பிறகு பெரியம்மை வந்தது. வாசிக்கத் தெரிந்தவர்கள் அதோடு இல்லாமல் போனார்கள். உலகெங்கும் இன்று மிஞ்சியிருப்பவை இருபத்துச் சொச்சம் பொருள்கள்தான்.

அவற்றில் ஒன்று, பூவரச மரத்தாலான 'மமாரி' பலகை. அதன் ஒரு பக்கத்தில் சில வரிகள் மாதக் கணக்கு என்பதை 1958-ல் ஜெர்மானிய ஆய்வாளர் தாமஸ் பார்த்தல் கண்டறிந்தார். அங்கே பிறைகள் அடுத்தடுத்து வருகின்றன. நடுவில் முழுநிலவுக்கென்று ஒரு தனிக் குறி. நிலவில் ஒரு கிழவி மண்ணடுப்பு மூட்டுகிறாள் என்பது தீவின் பழங்கதை. அந்தக் கிழவிதான் அந்தக் குறி என்கிறார்கள். நம் வீடுகளில் வடை சுடும் பாட்டிக்கு அவள் தூரத்து உறவு போலும்!

பிறைகளை எட்டுத் தொகுதிகளாகப் பிரிக்கிறது ஒரே மாதிரியான குறிவரிசை. ஒவ்வொரு முறையும் அது தூண்டிலில் தொங்கும் மீனோடு முடிகிறது. முழுநிலவுக்கு முன்னால் வரும் நான்கு மீன்களுக்கும் தலை மேலே, பின்னால் வரும் நான்குக்கும் தலை கீழே. வளர்பிறை, தேய்பிறை!

இது தற்செயல் இல்லை என்று எப்படி நம்புவது? 1886-ல் தீவுக்கு வந்த அமெரிக்கக் கடற்படையின் வில்லியம் தாம்சன், மாதத்தின் ஒவ்வோர் இரவுக்கும் தீவு மக்கள் சொன்ன பெயரைக் கேட்டு எழுதி வைத்திருந்தார். பெயர்கள் கொத்துக் கொத்தாக அமைந்திருக்கும் விதமும் பலகையில் பிறைகள் கூடி நிற்கும் விதமும் ஒத்துப்போகின்றன. எழுத்துக்கு வெளியிலிருந்து கிடைத்த இந்தச் சாட்சிதான், மற்ற பல 'வாசிப்பு'களுக்கு இல்லாத பலத்தை இதற்குக் கொடுக்கிறது.

சரி, மாதத்துக்கு எத்தனை இரவு? நிலவின் சுற்று சராசரியாக 29.53 நாள், அதுவும் மாதத்துக்கு மாதம் கொஞ்சம் மாறும். அதனால் 28 இரவுகளை நிலையாக வைத்து, இரண்டைத் தேவைப்படும்போது சேர்த்துக்கொண்டார்கள். பூமியைவிட்டுத் தள்ளியிருக்கும்போது நிலவு மெதுவாக நகரும், சிறியதாகவும் தெரியும். இரண்டு இடங்களில் பொடியாகப் பொறித்த பிறைகள், 'நிலவு சிறுத்திருந்தால் ஓர் இரவைக் கூட்டு' என்ற குறிப்பாக இருக்கலாம் என்று மொழியியலாளர் ஜாக் கை 1990-ல் எழுதினார். இது ஊகம்தான், ஆனால் வானத்தைப் பார்த்துச் சரிபார்க்கத் தூண்டும் ஊகம், அதனாலேயே எனக்குப் பிடித்தது.

ஆனாலும் இதை வைத்து மற்ற பலகைகளைப் படித்துவிட முடியவில்லை. பிறை இங்கே ஓர் இரவைக் குறிக்கிறது, அவ்வளவுதான். அதை எப்படி உச்சரித்தார்கள், வேறு இடத்தில் வந்தால் என்ன பொருள் என்பதை நாட்காட்டி சொல்வதில்லை. மமாரியிலேயே மற்ற வரிகள் இன்னும் வாசிக்கப்படாமல்தான் இருக்கின்றன.